முப்பத்தொன்றை அடித்து நாற்பத்தேழு

ருமேனியா இன்னும் முடியவில்லை. அந்த அம்மாள் ஒரு பெயரைச் சொல்லி முடிக்க ஏழு நிமிடம் எடுத்துக்கொள்கிறாள். அதற்கப்புறம் துனிசியா, அதற்கப்புறம் நான். திரையில் ஒன்பது முகங்கள், கீழ் வரிசையில் ஓரமாக என் முகம், மைக்கை அணைத்துவைத்திருக்கிறேன், புடவைத் தலைப்பு சரியாக இருக்கிறது, பின்னால் அலமாரியில் தலைமையகம் கொடுத்த கண்ணாடிக் கேடயம் தெரிகிறது. தெரிய வேண்டும் என்றுதான் காலையிலேயே நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், பெருமைப்பட என்னிடம் விஷயம் இருக்கிறது. கார்களுக்கு வயர் கட்டிக் கொடுக்கிற ஆலை இது. ஒரு காருக்குள் ஒன்றரை கிலோமீட்டர் வயர் ஓடுகிறது என்றால் வெளியில் யாரும் நம்புவதில்லை, அத்தனையும் கையால், பெண்களின் கையால், நிறம் பார்த்துச் செருகி, டேப் சுற்றிக் கட்டித்தான் போகிறது, அந்தக் கைகளைத் தேடிக் கொண்டுவந்தவள் நான். மதுராந்தகம் பக்கம், உத்திரமேரூர் பக்கம், பஸ் திரும்புகிற கடைசி ஊர் வரைக்கும் போய்ப் பள்ளிக்கூடத்து மரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்து, அப்பாக்களிடமும் அண்ணன்களிடமும் ஷிப்ட் வண்டி வீட்டு வாசலிலேயே இறக்கிவிடும் என்று சத்தியம் பண்ணி, பண்ணிய சத்தியத்தைக் காப்பாற்றிக் கொண்டுவந்த கைகள். ஆயிரத்து நூற்று நாற்பது பேர் இந்த நிமிஷம் கீழே வேலை பார்க்கிறார்கள். அதில் பதினாறு பேரைத் தவிர அத்தனை பேரும் என் கையெழுத்தில் உள்ளே வந்தவர்கள், அந்தப் பதினாறு பேர் எனக்கு முன்னால் வந்துவிட்டார்கள், இல்லாவிட்டால் அவர்களையும் நான்தான் எடுத்திருப்பேன். ஒரகடத்தில் மற்ற ஆலைக்காரர்கள் என் ஆட்களை இழுக்கப் பார்க்கிறார்கள், நான் காண்டீனில் பொங்கல் போட்டால் அவர்கள் பொங்கலோடு வடையும் போடுகிறார்கள், போனவர்கள் ஆறு மாதத்தில் திரும்பி வந்து வல்லி மேடம் இருக்கிறாரா என்று கேட்டில் விசாரிக்கிறார்கள். செண்பகவல்லி என்று கோவில்பட்டியில் வைத்த பெயரில் பாதியை இந்த ஆலை எடுத்துக்கொண்டுவிட்டது, மீதிப் பாதியை நானும் தேடவில்லை.

ருமேனியாவின் ஆளை ஊட்டா நடுக்கட்டத்துக்குத் தள்ளிவிட்டாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள், பாவம். ஜாதகத்துக்குப் பன்னிரண்டு கட்டம் என்றால் கம்பெனிக்கு ஒன்பது. இந்த வாரத்தில் வருஷா வருஷம் எல்லா நாட்டு மனிதவளத் தலைவர்களும் இப்படித் திரையில் கூடி, யாரை எந்தக் கட்டத்தில் உட்கார வைப்பது என்று வாதாடுகிறோம், தீர்ப்பு சொல்கிறவள் ஜெர்மனியில் தலைமையகத்தில் இருக்கிற ஊட்டா. வலது பக்கம் மேலே இருக்கிற கட்டம்தான் ராஜயோகம், அதில் இந்த வருஷம் ஒரு ஆலைக்கு ஒரே ஒரு ஆள். அங்கே போகிறவர் மொராக்கோவில் திறக்கப்போகிற புது ஆலைக்கு இரண்டு வருஷம் பயிற்சியாளராகப் போவார், எண்ணூறு பேருக்கு முதல் வயரைச் செருகக் கற்றுக்கொடுப்பார். நான் அனுப்பியிருக்கிற பெயர் மரியபுஷ்பம், நாலாவது லைனுக்குத் தலைவி, முப்பத்தைந்து வயது, படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. மற்ற நாடுகள் எல்லாம் இன்ஜினீயரை அனுப்பியிருக்கின்றன. அனுப்பட்டும், ஒரு பேனலை, அதாவது ஒரு வயர்க் கட்டை, இவள் கட்டுகிற நேரத்தில் அந்த இன்ஜினீயர்கள் டேப்பின் நுனியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இன்று காலை ஊட்டாவிடமிருந்து இரண்டே இரண்டு வரியில் ஒரு மெயில் வந்தது, காபி ஆறிப்போகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது கேள்விக்கு, அதாவது இவர் வேலை முறையைத் தாமாக மாற்றிய ஒரு சந்தர்ப்பம் என்ன என்ற கேள்விக்கு, நீங்கள் எழுதியிருக்கிற பதிலில் ஒன்றும் இல்லை, இவர் சொன்னதை நன்றாகச் செய்கிறவர், பயிற்சியாளருக்குச் சொந்த யோசனை வேண்டும். இது ஒரு வரி. இவர் வேலைக்குச் சேர்ந்தபோது நடந்த தேர்வின் தாளில் ஒரு எண் திருத்தப்பட்டிருக்கிறது, கூட்டத்தில் விளக்கம் வேண்டும். இது இன்னொரு வரி. பதினாறு வருஷத்துக் காகிதத்தை ஸ்கேன் பண்ணி இணைத்தவள் நானேதான். எல்லா ஆவணமும் இருக்கிற ஒரே நாடு இந்தியா என்று அவர்கள் சொல்ல வேண்டும் என்ற ஆசை, என் வாயால் மட்டுமல்ல, என் ஸ்கேனராலும் நான் கெடுவேன்.

அந்தத் தாளை எதற்குத் திறக்க வேண்டும், கண்ணை மூடினாலே தெரிகிறது. முப்பத்தொன்று, அதன் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் நாற்பத்தேழு, கீழே என் இனிஷியல். குச்சிப் பலகை என்று பெண்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு மரப்பலகை, அதில் வரிசையாகத் துளைகள், வலது ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் உலோகக் குச்சிகள். வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்துச் செருக வேண்டும், ஒரு நிமிடம், நாற்பதைத் தாண்டினால் வேலை, தாண்டாவிட்டால் வீடு, ஒரே ஒரு வாய்ப்பு. அச்சிறுப்பாக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மே மாதம், மின்விசிறி இருந்தும் கரண்ட் இல்லை, நூற்றுப் பத்துப் பெண்கள், நான் ஒரு கையில் ஸ்டாப்வாட்ச் மறு கையில் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். இவள் வந்தாள், ஊதாச் சுடிதார், துப்பட்டாவை இரண்டு ஊக்கு போட்டுக் குத்தியிருந்தாள், நிறம் பார்க்கிற சோதனையில் எல்லாருக்கும் முன்னால் சொல்லி முடித்தவள். குச்சியில் முப்பத்தொன்று. குச்சியை எடுக்கும்போது நடுக்கம், துளைக்குப் பக்கத்தில் போய் ஒரு தயக்கம், வழி கேட்டுக் கேட்டுப் போகிற ஆளைப்போல அந்தக் கை. முப்பத்தொன்று என்று எழுதிவிட்டேன். ஆனால் பார்த்தேன், எனக்குத்தான் பார்க்கிற கண் உண்டு, இடது கை மேசைக்குக் கீழே சும்மா இல்லாமல் விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தது. பலகையைத் திருப்பிப் போட்டேன். கிண்ணம் இடது பக்கம் வந்தது. மறுபடி செய் என்றேன். நாற்பத்தேழு. அந்த வருஷத்திலேயே அதிகம். இதை நான் கேடயம் வாங்கிய மேடையில் சொன்னபோது ஊட்டாவே எழுந்து நின்று கைதட்டினாள், அப்போது அவளுக்குத் தாள் எல்லாம் ஞாபகம் வரவில்லை, இடது கைக்காரப் பெண்களுக்கு லைனில் மேசையையே மாற்றிப் போட்டு, தப்பாகிற பேனல்களைப் பாதியாகக் குறைத்த கதையின் முதல் அத்தியாயமாகத்தான் அவள் அதைக் கேட்டாள். கேடயத்தில் என் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஒரு எழுத்து தப்பாக.

துனிசியாக்காரர் ஆரம்பித்துவிட்டார், வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுகிறார், பேரீச்சம்பழமாக இருக்கும். நல்ல மனுஷர். போன வருஷம் பரிசுகளைப் பற்றி நான் பேசியபோது இவர் ஒருவர்தான் குறிப்பு எடுத்தார். நான் வருவதற்கு முன்னால் இந்த ஆலையில் சிறந்த தொழிலாளி என்றால் கேட்டுக்குப் பக்கத்தில் பெரிதாகப் போட்டோ வைப்பார்கள், கூடவே ஒரு சுவர்க் கடிகாரம். போட்டோ வைத்த மூன்றாம் மாதம் ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு நின்றுபோயிற்று, ரோட்டில் போகிறவன் எல்லாம் பார்க்கிற மாதிரி படம் இருக்கிறதாம். போட்டோவை அன்றைக்கே இறக்கச் சொன்னேன். கடிகாரம் எல்லா வீட்டிலும் பரணில் கிடந்தது. அதற்குப் பதில் நான் கொண்டுவந்ததுதான் நாற்காலி நாள். பரிசு வாங்குகிறவளின் வீட்டாரை வேன் வைத்துக் கூட்டிவந்து, காண்டீனில் இலை போட்டுச் சாப்பாடு போட்டு, அப்புறம் லைனுக்குள் அழைத்துப்போய் அவள் உட்காருகிற நாற்காலியில் அவர்களை உட்கார வைப்பது, அவ்வளவுதான். தலைமையகத்தில் சிரித்தார்கள். மரியபுஷ்பத்தின் மாமனார் வந்தார், ராத்திரி ஷிப்டுக்குப் போகிற மருமகளோடு இரண்டு வருஷமாகப் பேசாதவர். நாற்காலியில் உட்கார்ந்தார், எதிரே இருநூறு வயர், ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று அவள் சொல்லச் சொல்லக் கேட்டார், கொஞ்ச நேரம் கழித்து, "இவ்ளோத்தையும் நீயாம்மா ஞாபகம் வெச்சிகினு இருக்க?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். மறுவாரத்திலிருந்து டிபன் டப்பாவை அவர்தான் வேன் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார், டிரைவர் சொன்னார். அந்த யோசனை என்னுடையது. அதில் சந்தேகம் இல்லை, அதை எந்தத் தாளும் திருத்தாது. அதில் சந்தேகம் இல்லை என்று எனக்கு நானே ஏன் சொல்லிக்கொள்கிறேன், வேறு எதில் சந்தேகம் இருக்கிறது.

ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், மறு கையில் பேனா. அப்படியானால் பலகையை எந்தக் கையால் திருப்பினேன். பேனாவைக் கீழே வைத்திருப்பேன். வைக்கவில்லை, அந்தப் பேனா மூடி தொலைந்தது, வைத்தால் உருளும், மேசை சாய்வு, நாள் முழுக்கக் கையிலேயே பிடித்து விரலில் நீல மை. ஸ்டாப்வாட்ச்சை வைத்திருப்பேன். கழுத்துக் கயிறு இல்லாத பழசு அது, கையிலேயேதான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மூன்றாவது கை இருந்திருக்க வேண்டும். நான் அடுத்த பெண்ணின் பெயரைக் கூப்பிட்டேன், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, விண்ணரசி என்று கூப்பிட்டேன், விண்ணரசி எழுந்து வந்து பக்கத்தில் நின்றுவிட்டாள், இவள் எழுந்திருக்கவில்லை. மேசைக்கு அடியில் விரல் ஆடியதை நான் பார்த்தேனா, அல்லது பிற்பாடு மேடையில் சொல்லிச் சொல்லிப் பார்த்ததாகிவிட்டதா. இவள் என் முகத்தைப் பார்த்து, "எனக்குப் பீச்சாங்கைதான் மேடம் வரும். எங்கம்மா அடிச்சி அடிச்சி மாத்திச்சி. இந்தப் பலகைய இப்பிடித் திருப்பி வெச்சா ஒங்களுக்கு ஏதாவது நஷ்டமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. திருப்பினாள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், ஆனால் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினேன். அழுத்தினேன், எண்ணினேன், திருத்தினேன், அதுதான் நான் செய்தது. பதினாறு வருஷமாக அந்த இடத்தில் என் கையை ஒட்டவைத்துக்கொண்டு சுற்றுகிறேன். கேடயம் வந்த அன்று காண்டீனில் அந்தக் கதையை நான் மறுபடி சொன்னேன், நாலாவது வரிசையில் இவள், எல்லாரும் நிறுத்தின பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்று படிவத்தில் கையெழுத்துப் போட மேலே வந்தபோது ஆறாவது கேள்விக்கு நான் எழுதியிருந்ததைப் படித்தாள், ‘குழுவோடு ஒத்துழைத்து உற்பத்தியை உயர்த்தினார்’ என்கிற சவசவப்பான வரியை இரண்டு தரம் படித்தாள். வேறு ஏதாவது சேர்க்கலாமா என்று கேட்டேன். "நீங்க எழுதுனா சரிதான் மேடம்," என்றாள். பேனாவைத் திருப்பித் தரும்போது அவள் கண் என் தோளுக்கு மேலே அலமாரியில் போய்த் திரும்பியது. தூசி இருக்கிறதா என்று பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். தூசியா, எதற்கு இப்படி என்னையே ஏமாற்றுகிறேன்.

துனிசியா ஜெயித்துக்கொண்டிருக்கிறது, அவருடைய ஆள் மேல்கட்டத்துக்குப் போகிறான், ஊட்டா தலையசைக்கிறாள். இப்போது என்ன சொல்வது. நான் திருப்பினேன் என்றே சொல்லலாம், அதில் யாருக்கு என்ன கெடுதல். விதிப்புத்தகம் எனக்கு மனப்பாடம், தமிழில் மொழிபெயர்த்தவளே நான். தேர்வு செய்கிறவர் தவறு செய்தால் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம், தேர்வுக் கருவியை விண்ணப்பதாரர் மாற்றினால் அந்தத் தேர்வே செல்லாது. அவள் திருப்பினாள் என்று நான் சொன்னால் பதினாறு வருஷத்து வேலையின் முதல் செங்கல்லை உருவுகிற மாதிரி ஆகும், ஊட்டா நினைத்தால் மொராக்கோ இல்லை, லைன் தலைவி என்பதும் என்னாகும் தெரியாது. பொய் அவளுக்குக் காவல். எனக்குக் கேடயம். பொய் எவ்வளவு வசதியாக இருக்கிறது, ஏற்கெனவே பழகின செருப்பு மாதிரி. ஆனால் பொய்யைச் சொன்னால் ஆறாவது கேள்வி அப்படியே காலியாகக் கிடக்கும், சொன்னதைச் செய்கிறவள் என்று நடுக்கட்டத்தில் போட்டு மூடிவிடுவார்கள், அவள் தானாக மாற்றியது எதுவென்று கேட்கிறார்கள், அவள் மாற்றியதை நான் என் பெயரில் வைத்திருக்கிறேன். மேனேஜர்களுக்கு வகுப்பெடுக்கும்போது வருஷா வருஷம் என்ன சொல்கிறேன், உங்கள் ஆள் செய்ததை உங்கள் பெயரில் எழுதாதீர்கள் என்று ஸ்லைடு போட்டு, சிவப்பு எழுத்தில் போட்டுச் சொல்கிறேன். எல்லாரும் எழுதிக்கொள்கிறார்கள். பாட்டிலை எடுக்கிறேன், தண்ணீர் இல்லை.

இந்தியா என்கிறாள் ஊட்டா. மைக்கைத் திறக்கிறேன். எண்களைச் சொல்கிறேன், என் குரல் எனக்கே கம்பீரமாகக் கேட்கிறது, பதினாறு வருஷம், நாற்பத்திரண்டு பேருக்குப் பயிற்சி, அவர்களில் வேலையை விட்டவர்கள் மூன்றே பேர், நாலாவது லைனில் தப்பு பாதியாகக் குறைந்தது. ஊட்டா பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்தத் தாளைத் திரையில் போடுகிறாள். ஒன்பது பேரும் என் கிறுக்கலைப் பார்க்கிறார்கள். எண்ணைத் திருத்தியது யார் என்று கேட்கிறாள், நான்தான் என்கிறேன். பலகை திருப்பப்பட்ட பிறகு இரண்டாம் முறை செய்தது அந்த எண் என்கிறேன். திருப்பப்பட்ட என்று சொன்னபோதே தெரிந்தது, அந்த வார்த்தைக்குள் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறேன் என்று.

"திருப்பியது யார்?" என்கிறாள், மேடையில் நான் சொன்ன கதையைக் கேட்டவள்.

கீழே லைனில் பேனல் சோதிக்கிற மேசையின் பீப் சத்தம் தரை வழியாக இங்கே வரைக்கும் வருகிறது, சரி என்றால் ஒரு பீப், தப்பு என்றால் மூன்று. ஒன்று. ஒன்று. ஒன்று.

"மரியபுஷ்பம்," என்கிறேன். "அவர் இடது கைக்காரர். பலகை வலது கைக்குச் செய்தது. அதை என்னிடம் சொல்லிவிட்டு அவரே திருப்பினார். அதற்கு முன்னால் எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. எங்கள் இடது கை மேசைகள் எல்லாம் அதிலிருந்து வந்தவை. நான் எண்ணினேன், அவ்வளவுதான்."

துனிசியாக்காரர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். விதி உங்களுக்குத் தெரியும்தானே என்று ஊட்டா கேட்கிறாள். தெரியும், தமிழில் எழுதியவளே நான்தான் என்கிறேன், இந்த நேரத்திலும் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்புறம் நான் யோசித்து வைக்காத ஒன்று வாயில் வருகிறது. "மொராக்கோவில் எண்ணூறு பேரை உட்கார வைக்கப் போகிறோம். அதில் எழுபது எண்பது பேர் இடது கையோடு வருவார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடாமல் பலகையைத் திருப்பத் தெரிந்தவர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும்."

ஊட்டா எதையோ எழுதுகிறாள். நீண்ட நேரம் எழுதுகிறாள். என் பெட்டியில் என் முகம் எனக்குத் தெரிகிறது, பின்னால் கேடயம் வெளிச்சத்தில் பளிச்சென்று நிற்கிறது, நாற்காலியை நகர்த்தி மறைக்கலாம், நகர்த்தினால் எல்லாருக்கும் தெரியும். நான் செய்தது சரியா, அவளைக் கொண்டுபோய்ச் சிங்கத்தின் வாயில் விட்டுவிட்டேனா, ஒரு கையெழுத்துப் போட்டு எடுத்தவளை இன்னொரு வார்த்தையில் தொலைத்துவிட்டேனா. ஊட்டா தலையைத் தூக்குகிறாள். அவள் பார்ப்பது என் முகத்தை இல்லை, எனக்குப் பின்னால்.

"தாளில் உங்கள் இனிஷியல் இருக்கிறது," என்கிறாள். "கேடயத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. அவர் பெயர் எங்கே?"

எழுதவில்லை என்கிறேன். எழுதுங்கள் என்கிறாள். ஆறாவது கேள்வியின் பதிலை இன்றைக்கே மாற்றி அனுப்பினால் அவர் மேல்கட்டத்தில் இருப்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை, பலகையை ஒரே பக்கத்துக்குச் செய்தது தலைமையகத்தின் தவறு, அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாள். அனுமதித்துவிட்டு மறைத்ததற்காக எச்சரிக்கைக் கடிதம் எனக்கு வரும் என்கிறாள், சாப்பாட்டுக்குப் பிறகு மழை வரும் என்பது மாதிரிச் சாதாரணமாக. அடுத்து போலந்து.

மைக்கை அணைக்கிறேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் கடிதம், அதை என் கோப்பில் வைக்கப்போவதும் நானே, என் கோப்பும் என் அலமாரியில்தான் இருக்கிறது, ஒழுங்காக எண் போட்டு வைப்பேன். அழுகை வருகிற மாதிரி இருக்கிறது, சிரிப்பு வருகிற மாதிரியும் இருக்கிறது, அவள் மொராக்கோவுக்குப் போகிறாள், அச்சிறுப்பாக்கத்துப் பெண், மாமனார் டிபன் டப்பாவோடு விமான நிலையம் வரைக்கும் வந்தாலும் வருவார். கீழே போய் அவளிடம் சொல்ல வேண்டும். என்ன சொல்வது, மேல்கட்டம் கிடைத்தது என்பதை முதலில் சொல்வதா, மற்றதை முதலில் சொல்வதா. மற்றதை. பலகையைத் திருப்பியது அவள் என்பதை லைன் முன்னால் சொல்ல வேண்டும், காண்டீனில் சொன்ன அளவுக்குச் சத்தமாக. போலந்துக்காரர் பேசிக்கொண்டிருக்கிறார், ஷிப்ட் முடிய இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது. படிவத்தைத் திறந்து அந்தச் சவசவப்பான வரியை அழிக்கிறேன். தேர்வுப் பலகை தன் கைக்கு ஒத்துவரவில்லை என்று கண்டு, தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே அதைத் திருப்பி வைத்தார், இந்த ஆலையின் இடது கை மேசைகள் அவருடைய யோசனை என்று அடிக்கிறேன். யோசனை யாருடையது என்கிற இடத்தில் மரியபுஷ்பம் என்று முழுப் பெயரையும் அடிக்கிறேன், ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்க்கிறேன். முடித்துவிட்டு அனுப்பப் போனவள் நிற்கிறேன். கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. இவரை வேலைக்கு எடுத்தவர் செண்பகவல்லி என்று அடிக்கிறேன், அழிக்கலாமா என்று யோசிக்கிறேன், அழிக்கவில்லை.